அண்ணனுக்கு நான் கொடுத்த பட்டம்

பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூசுவேன். அப்படிப்பட்டவள் சொந்த வீட்டுச் சங்கதியை எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பாளையங்கோட்டையில் ஒரு அச்சகத்தில் தமிழ் தட்டச்சு செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸ், எல்லாம் வரும். வேலை இல்லாத நேரத்தில் இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுத்துப்பிழைகளைத் திருத்துவேன். முகம் காட்டாமல், யாரிடமும் பேசாமல் செய்யலாம் என்பதால் அது எனக்குப் பிடித்துப்போனது.

என் அண்ணன் நாதஸ்வரம் வாசிக்கிறவன். ரேடியோவிலோ சபாவிலோ வாசித்ததில்லை. ஆனால் திசையன்விளைப் பக்கம், கொடைக்கு நாள் குறிக்கும் முன்பே அவனுக்குப் போன் போடுகிற ஊர்கள் உண்டு. அப்படி ஓர் ஊர்க்காரர்தான் அவனுக்குக் கலைக்களஞ்சியத்தில் ஒரு பக்கம் தொடங்கியிருந்தார். சொந்தக்காரர்களைப் பற்றி நாமே எழுதக் கூடாது என்பது அங்கே வழக்கம். அதனால் நான் அதைத் தொடவில்லை. அண்ணன் மட்டும் பால்காரர் வரை எல்லாரிடமும் போனை நீட்டிக் காட்டினான்.

நாலாம் நாள் பக்கத்தின் தலையில் ஓர் அறிவிப்பு வந்தது. இவர் தனிப் பக்கம் பெறும் அளவுக்குக் குறிப்பிடத்தக்கவரா, சான்று போதவில்லை, ஏழு நாளில் முடிவு செய்யப்படும் என்று. அதற்கான உரையாடலில் இரண்டு பேர், அந்தப் பக்கம் நீடிக்கட்டும் என்றார்கள். அவர்கள் காட்டிய காரணம், அவன் 'பொருநை நாதச்சுடர்' பட்டம் பெற்றவன் என்பது. சான்றாக ஒரு கொடை நோட்டீஸின் படம். இன்னொருவர், "பட்டத்தை வழங்கியது யார்?" என்று கேட்டிருந்தார்.

அந்த நோட்டீஸ் நான் தட்டச்சு செய்தது. வழங்கியது நான்.

எங்கள் பக்கத்து நோட்டீஸில் கலைஞர் பெயர் மொட்டையாக வரக் கூடாது. மேலே ஒரு பட்டம் நிற்க வேண்டும். கமிட்டிக்காரர்கள் தராவிட்டால், "நீயே ஏதாவது போட்டுக்கம்மா" என்பார்கள். அந்த நோட்டீஸ் அடித்த அன்றைக்கு அண்ணன் பெயருக்கு மேல் ஒரு வரி காலியாக இருந்தது. போட்டுவிட்டேன். அப்புறம் ஒவ்வோர் ஊரும் பழைய நோட்டீஸைப் பார்த்து அதையே அடிக்கச் சொன்னது.

அறிவிப்பு வந்த ஆறாம் நாள் சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏட்டி, நீதானா அது? அந்த ஊர்க்காரவ குடுத்தாவன்னுல்லா நான் நெனச்சேன்!"

தேங்காய்ப்பால் சொதி வைத்துக்கொண்டிருந்த மதினி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்போ எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுளா. 'சொதி இளவரசி'ன்னு."

"ஒனக்கு ஒன் சொதியக் குடிச்சவன்லா குடுக்கணும்" என்றான் அண்ணன். பிறகு போனை எடுத்து அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"நான் சொல்லிட்டா, பக்கம் போயிரும்ணே."

"சொல்லலன்னா?"

"இருந்தாலும் இருக்கும்."

"எழுதிருட்டி. நான் ஊதும்போது நோட்டீஸ எவன் பாக்கான்?"

அவன் வீட்டிலேயே உட்கார்ந்து எழுதினேன். 'அந்தப் பட்டத்தை யாரும் வழங்கவில்லை. நோட்டீஸில் காலியிடத்தை நிரப்ப நான் போட்டது. அவர் என் அண்ணன். ஆகவே பக்கம் இருக்கலாமா என்பதில் நான் கருத்துச் சொல்லவில்லை.' இத்தனை வருஷத்தில் அங்கே நான் உரையாடலில் எழுதியது அதுதான் முதல் தடவை. பதிந்த பிறகு 'அவர் என் அண்ணன்' என்ற வரியை மட்டும் நாலைந்து தடவை வாசித்தேன். அவன் வாசிப்பைக் கூட்டத்தின் ஓரத்தில் நின்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பக்கத்தில் நின்றவர்களிடம், இவன் என் அண்ணன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

மறுநாள் மதியம் பக்கத்தை நீக்கிவிட்டார்கள். அண்ணன் ஆழ்வார்திருநகரியில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போயிருந்தான்.