அப்பா, வாய்!

டெலியா எங்கே பாடினாலும் லெஸ்டர் விட்மயரின் உதடுகள் அசைய ஆரம்பித்துவிடும். சத்தம் வராது. ஆறடி உயரம், தாடி, கான்கிரீட் லாரி ஓட்டிக் காய்த்துப்போன கைகள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு, மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்கும் மணப்பெண்ணின் பாட்டை வரி பிசகாமல் வாயசைப்பார். மகள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வாள்: "அப்பா, வாய்!" உடனே மூடிக்கொள்வார். அடுத்த வரியில் மறுபடி திறந்துகொள்ளும்.

இசை நாடகப் படிப்புக்கு ஆள் எடுக்கும் கல்லூரிகளெல்லாம் பிப்ரவரியில் சிகாகோவில் இந்த ஒரே ஹோட்டலில் கூடுகின்றன. ஒரு கல்லூரிக்குக் கதவு காப்பது என் வேலை. மாடிப்படி முழுக்கப் பிள்ளைகள் பாடிக்கொண்டிருப்பார்கள். லிஃப்டில் யாராவது அழுதுகொண்டிருப்பார்கள். தொண்டை வறளக் கூடாதென்று நீராவி விடும் இயந்திரத்தைப் பெற்றோர் கைக்குழந்தைபோல் சுமந்து திரிவார்கள். லெஸ்டர் அதைத் தன் மதியச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறார். அதனால் டெலியாவுக்கு வரும் ஆவியில் கொஞ்சம் வெங்காய வாசம் இருக்கும்.

"பனிக்காலத்துல எங்க ஊர்ல கான்கிரீட் போட மாட்டாங்கம்மா. வீட்ல சும்மாதான் இருந்தேன்" என்றார். டொலிடோவில் தன் வண்டிக்கொட்டகையில் நீலத் துணி கட்டி, போனைப் பிடித்து, விண்ணப்ப வீடியோவை எடுத்தவர் இவர்தான். நாற்பத்தொரு தடவை. பத்தொன்பதாவதில் நாய் குரைத்தது. நாற்பதாவது அருமையாக வந்ததாம். ஆனால் துணிக்கு ஓரமாகத் தெரிந்த ஜன்னல் கண்ணாடியில் ஒரு தாடிக்காரர் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்.

அனுப்பிய பதினோரு கல்லூரிகளும் வேண்டாமென்றுவிட்டன. எங்களுக்கு அவள் விண்ணப்பிக்கவே இல்லை. "மன்னிச்சுக்கோங்க, உங்க காலேஜ் பேரே கேள்விப்பட்டதில்ல" என்றார் லெஸ்டர். அழைத்த பிள்ளை வராவிட்டால், கதவில் ஒட்டிய தாளில் பெயர் எழுதியவர்களை வரிசைப்படி கூப்பிடுவோம். இரண்டு நாளாக எல்லாக் கதவிலும் எழுதிப் பார்த்து, ஒருவரும் கூப்பிடாமல், கடைசியாக மிச்சமிருந்தது என் கதவு. இதுவும் போனால் பல் மருத்துவரிடம் வரவேற்பு வேலை தயாராக இருப்பதாக டெலியா சொன்னாள். சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.

பக்கத்து நாற்காலி அம்மாள் ஒருவர் லெஸ்டரின் வாயசைப்பைப் பொறுக்க முடியாமல் கேட்டார்: "ஏங்க, ஆடிஷன் பொண்ணுக்கா, உங்களுக்கா?"

"குரல் மட்டும் இருந்திருந்தா நானே போயிருப்பேங்க."

"தாடிய எடுக்கணுமே!"

"பாட்டுக்காக எடுத்துட மாட்டேனா?"

அவர் விளையாட்டுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

நாலு பத்துக்கு, இந்தியானாவிலிருந்து வரவேண்டிய பையனுக்குக் குரல் கட்டிவிட்டதாகச் செய்தி வந்தது. தாளைப் பார்த்து டெலியாவைக் கூப்பிட்டேன். அவள் பாவாடையை நீவிக்கொண்டாள். "அப்பா, வாய்" என்றாள், இந்த முறை மெதுவாக. லெஸ்டர் வலது உள்ளங்கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டார். கதவைச் சாத்தினேன்.

பியானோ ஆரம்பித்தது. டெலியா நன்றாகவே பாடினாள். பாட்டில் மணப்பெண் மோதிரத்தைக் கழற்றும் இடம் வந்தது, குரல் நின்றுவிட்டது. பியானோ மட்டும் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. உள்ளே பாட்டு நடக்கும்போது கதவைத் திறக்கவோ தட்டவோ கூடாது, விதி அது. பத்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், ஒரு தடவைகூட அதை மீறியதில்லை.

லெஸ்டர் வாயிலிருந்து கையை எடுத்தார். மூடிய கதவுக்கு நேராக வந்து நின்று, அடுத்த வரியைச் சத்தமில்லாமல் உதட்டசைத்தார். ஒரு முறை. பிறகு இன்னொரு முறை, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக.

உள்ளே டெலியாவின் குரல் அந்த வரியை எடுத்தது.

லெஸ்டர் கையை மறுபடியும் வாய்மேல் வைத்துக்கொண்டார்.