டாக்டரின் ஆள்காட்டி விரல்

ஓசூர் பாகலூர் சாலைக் கோழிக்கடைக்காரருக்கு டாக்டர் குருமூர்த்தியைப் பற்றி ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். ஆள் ஒல்லிக்குச்சி. ஆனால் ஞாயிறு தவறாமல் கோழிக்கால் பதினைந்து வாங்கிப் போகிறாரே, அவ்வளவையும் எங்கேதான் போடுகிறார்?

வயிற்றில் இல்லை. அவர் வேலை பார்க்கும் மருத்துவமனையின் மாடியில், மாணவர்கள் கையில் அவை சின்னாபின்னமாகின்றன. கோழிக்காலின் ரத்தக்குழாய் ஏறக்குறைய மனுஷ விரலின் குழாய் அளவுக்கு இருக்கும். மைக்ராஸ்கோப்பின் கீழ் அதை வெட்டித் தைத்துப் பழகாதவன் கை ஆபரேஷன் பக்கமே வரக்கூடாது என்பது அவர் கட்சி.

குருமூர்த்தி சிங்காரப்பேட்டைக்காரர். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அவர் ஓசூருக்கு வந்தபோது, கம்பெனிகளில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் விரலைக் கொடுத்தவர்களையெல்லாம் பெங்களூருக்கு ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். “அத்திப்பள்ளி டிராபிக்லயே விரல் செத்துப்போயிருமேய்யா!” என்று கத்திவிட்டு இங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஒற்றை ஆள் எத்தனை விரலைத் தைக்க முடியும்? அதனால் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். இதுவரை பதினொரு பேர் தேறிப் போயிருக்கிறார்கள். தேறியவரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்வார்: “என் கைக்கே ஒன்னுன்னா உங்கிட்டதான் வருவேன்.” அதற்காகப் பிள்ளைகள் தவம் கிடப்பார்கள்.

சௌமியா இரண்டரை வருடமாகக் கிடந்தாள். தையல் அச்சுப் பிசகாமல் இருக்கும். “பாக்கலாம்மா, இன்னும் கை ஓட்டம் வரல” என்று மனுஷன் இழுத்துக்கொண்டே போனார். வீம்பு, வேறென்ன? அவளும் விடவில்லை. ஒரே ஒரு நாள் அசதியில் “போதும் சார்” என்று சொல்லிவிட்டாள். ஆபரேஷன் தியேட்டருக்குள் ‘போதும்’ என்று எவர் சொன்னாலும் அன்றைக்கு வெளியே போக வேண்டும் என்பது அவர் சட்டம். போனாள்.

போன மாம்பழ சீசனில் ஒரு ஞாயிறு. வகுப்புக்காகக் கோழிக்காலைப் பிளந்துகொண்டிருந்த குருமூர்த்தியின் கத்தி எலும்பில் வழுக்கி, இடது ஆள்காட்டி விரலின் அடியில் இறங்கிவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு விரலை மடக்கிப் பார்த்தார். நுனி மடங்கவில்லை. உள்ளே மடக்குகிற நாண் அறுந்துவிட்டது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இடது கைதானே என்று விட முடியாது. மைக்ராஸ்கோப்பின் கீழ் ரத்தக்குழாயைப் பிடித்துக்கொடுப்பது அந்த விரல்தான். அது மடங்காவிட்டால் அவருக்கு இனி அங்கே வேலை இல்லை. வயதோ ஐம்பத்தாறு.

அன்று அங்கே தைக்கத் தெரிந்தவள் சௌமியா மட்டும்தான் என்று கேட்டதும் அவர் மனைவி ராஜலட்சுமி போனில் சத்தம் போட்டார். “பெங்களூரு போயிரலாங்க. சின்னப் பொண்ணு கையில குடுக்க இதென்ன கோழிக்காலா?”

இன்றே தைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நாளைக்குப் பெங்களூரில் பெரிய கையாகப் பார்த்துத் தைத்துக்கொள்ளலாம். எதிரே சௌமியா ரத்தத் துணியை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். குருமூர்த்திக்குச் சுருக்கென்றது. இவளிடம் கொடுக்கப் பயமென்றால் இரண்டரை வருடமாக நான் என்னத்தைக் கிழித்தேன்?

“தியேட்டர ரெடி பண்ணச் சொல்லும்மா” என்றார்.

விரலை மட்டும் மரக்கவைக்கிற ஊசி. முழு விழிப்பு. நடுவே ஒரு பச்சைத் துணித் திரை. மனுஷன் சும்மா இருப்பாரா? “என்ன நூல் எடுத்த? முனைய நசுக்காத!” என்று திரைக்கு இந்தப் பக்கமிருந்தே பாடம் நடத்தினார். இருபது வருடமாக அவரிடம் திட்டு வாங்கிய சிஸ்டர் மாதேஸ்வரிக்கு இப்படி ஒரு நாள் வாய்க்குமா? “பேஷண்ட்டு பேசக்கூடாதுங்க சார். வாய்க்கும் பிளாஸ்திரி போட்டுருவேன்” என்றார். அடங்கினார்.

“சார், மடக்குங்க.”

தோலை மூடுவதற்கு முன் நோயாளியையே மடக்கச் சொல்லிப் பார்ப்பது அவர் சொல்லிக்கொடுத்த வழக்கம். எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். அவர்கள் ஏன் அப்படித் திருதிருவென்று முழித்தார்கள் என்று இப்போதுதான் விளங்கியது. கண்ணை இறுக்கிக்கொண்டு மடக்கினார். மடங்கியது! பாதியில் மட்டும் லேசாக ஓர் இடறல்.

“இடிக்குது சார். பிரிச்சுட்டு மறுபடி போடறேன்.”

“அதான் மடங்குதேம்மா. போதும், விடு.”

திரைக்கு மேலே ஒரு தலை எழும்பியது.

“இப்ப யாரு சார் வெளிய போகணும்?” என்றாள் சௌமியா.

குருமூர்த்தி சிரித்த சிரிப்பில் மேசை குலுங்கியது. “ஆடாதீங்க சார்!” என்று அதற்கும் திட்டு விழுந்தது. அவள் தையலைப் பிரித்தாள். அவசரமே இல்லாமல் முதலிலிருந்து போட்டாள். மறுபடி மடக்கச் சொன்னபோது, எண்ணெய் விட்ட தாழ்ப்பாள் மாதிரி விரல் போய் வந்தது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த வார்த்தையைச் சொல்ல வாயெடுத்தார்.

“பேசாதீங்க சார், தோல் தைக்கணும்.”

மூன்று மாதம் கட்டும் பயிற்சியுமாகப் போயிற்று. கோழிக்காலை இப்போது கடைக்காரரே பிளந்து தந்துவிடுகிறார். டாக்டர் கத்தியைத் தொட்டால் பிடுங்கிக்கொள்கிறார்.

அவர் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், வேப்பனப்பள்ளி முனிவேல் வந்து படுத்தான். கம்பெனியில் தகடு கிழித்து அவனுக்கும் அதே நாண் போயிருந்தது. ஆபரேஷன் செய்கிறவர் நாற்காலியில் சௌமியா உட்காருவதைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டான்.

“சார், பெரிய டாக்டரு நீங்களே போடுங்க சார். இந்தப் பாப்பா வேணாங்க.”

குருமூர்த்தி தன் இடது விரலை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். மடக்கினார், நிமிர்த்தினார், மறுபடியும் மடக்கினார். அடியில் தழும்பு மெல்லிசாகத் தெரிந்தது.

“யாரு சார் போட்டது?”

அவர் சௌமியாவைக் காட்டினார். “என் கைக்கே ஒன்னுன்னா இவங்ககிட்டதான் வருவேன். வந்தேன்.”

முனிவேல் தழும்பைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “அப்ப நீங்களே போடுங்கம்மா” என்று கையை நீட்டினான்.

சௌமியாவின் கண்ணாடி மங்கிவிட்டது; மாதேஸ்வரிதான் துடைத்துவிட்டார். குருமூர்த்தி உதவியாளரின் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.