மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்த நாற்காலி

எங்கள் வீட்டில் இருந்த ஒரே நல்ல நாற்காலி அது. பொன்னேரி கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் அப்பா குமாஸ்தாவாக இருந்தார். வக்கீல் தன் பூர்வீக வீட்டை இடித்தபோது வேண்டாம் என்று ஒதுக்கிய அந்த நாற்காலியை, அப்பா வண்டி பிடித்துக் கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுவந்துவிட்டார். பழைய தேக்கு. சாய்மானப் பலகை முழுக்கச் செதுக்கிய கிளிகளும் கொடிகளும். பூசிய பச்சையும் சிவப்பும் மங்கியிருக்கும். கை வைக்கும் கட்டைகள் இரண்டும் முன்னால் வாயைப் பிளந்த சிங்க முகமாக முடியும்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அப்பாவை அதில்தான் உட்கார வைத்தோம். பள்ளிப்பட்டுப் பக்கம் நெல்லும் கரும்பும் பயிர் வைக்கிற குடும்பம். மகனுக்கு வள்ளூர் அனல்மின் நிலையத்தில் வேலை. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் அப்பாவும் மகனும் மட்டும் வந்திருந்தார்கள்.

தொழிற்பேட்டையில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் எனக்கு வேலை. முன்னால் வந்த இரண்டு இடத்திலும் கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட வேண்டும் என்றார்கள். இவர்களும் அதையே கேட்பார்கள், அப்பா தலையாட்டிவிடுவார் என்று நினைத்துக்கொண்டே காபித் தட்டை எடுத்துப் போனேன்.

அந்தப் பெரியவர் இடது கையை நீட்டி டம்ளரை எடுத்தார்.

அம்மாவுக்கு முகமே சுண்டிப்போனது. அதற்குப் பிறகும் அவர் சரியாகப் பேசவில்லை. அப்பா எதைக் கேட்டாலும் ‘ம்’, ‘ஆமாங்க’ என்பதோடு சரி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நெற்றியில் மட்டும் வேர்த்துக்கொண்டே இருந்தது.

“அவருக்குப் புடிக்கலடி,” என்றாள் அம்மா சமையலறையில். “எடது கையால வாங்குறாரு பாரு.”

கடைசியில் மாப்பிள்ளை எழுந்து, “கெளம்பலாமா நைனா?” என்றார். பெரியவர் அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டதும் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்:

“எப்பிடிடா வர்றது? வெரலு சிங்கத்து வாய்ல மாட்டிக்கினு கீது.”

உட்கார்ந்ததும் சும்மா விரலை விட்டுப் பார்த்திருக்கிறார். மோதிரத்தோடு உள்ளே போனது திரும்பி வரவில்லை. பெண் வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டு, வலியைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அம்மா சிரித்தேவிட்டாள். உடனே பயந்துபோய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மரந்தானே, அறுத்துடலாங்க,” என்று அப்பா ரம்பம் வாங்கப் பக்கத்து வீட்டுக்குக் கிளம்பினார்.

“வேணாங்க,” என்றார் பெரியவர். “இவ்ளோ அழகா செதுக்கி வெச்சிருக்கான். நான் பண்ண வேலைக்கு அத்த போயி அறுக்கிறதா?”

நான் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு, கட்டியிருந்த பட்டுப்புடவையிலேயே தரையில் உட்கார்ந்தேன். விரல் வீங்கிச் சிவந்திருந்தது. எண்ணெயைத் துளித்துளியாக விட்டு மெல்லத் திருப்பினேன். அவர் வலியில் வெடுக்கென்று இழுக்கும்போதெல்லாம் இன்னும் இறுகியது. கவனத்தைத் திருப்பலாம் என்று இந்தப் போகம் நெல் எப்படி என்று கேட்டேன். அதோடு அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. பன்றி வந்து கரும்பை நாசம் செய்வதையெல்லாம் சொல்லிவிட்டு, “நீ எந்த ஷிப்டும்மா?” என்றார்.

“மாறி மாறி வருங்க. ஆனா வேலைய நான் உட மாட்டேன்.”

கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டேன். கதவோரம் நின்ற அம்மா என்னை முறைத்தாள்.

“உடச் சொன்னது யாரு?” என்றார் அவர். “நடவுன்னா எங்க ஊட்டுப் பொம்பளைங்களும்தான் கழனில எறங்குறாங்க. உனக்கு மட்டும் இன்னா தனிச் சட்டம்?”

பேச்சு சுவாரஸ்யத்தில் அவர் இழுப்பதை மறந்திருந்தார். விரல் எண்ணெயில் வழுக்கி வெளியே வந்தது. உள்ளே தங்கிவிட்ட மோதிரத்தை ஹேர்பின்னால் நெம்பி எடுத்தேன். “அப்பாடா” என்று அவர் நிமிர்ந்தபோது எனக்கும் மூச்சு சீராக வந்தது. எத்தனையோ நாளாக நெஞ்சில் கனத்துக் கிடந்த ஒன்று அந்தத் தரையிலேயே இறங்கிவிட்டது.

செருப்பு மாட்டும்போது மாப்பிள்ளை என்னிடம், “எனக்கும் ஷிப்டுதான். ரெண்டு பேருக்கும் தோதா ஊடு பாக்கணும்,” என்றார். அம்மா அதைக் கேட்டுவிட்டு உள்ளே போய், மீதியிருந்த கேசரியை எல்லாருக்கும் பங்கு போட்டாள்.

கல்யாணம் முடிந்து பொன்னேரியில் வீடு பார்த்தோம். ஷிப்ட் ஒத்துவரும் நாட்களில் இருவரும் சேர்ந்தே ஸ்டேஷனுக்கு நடப்போம். அவர் வள்ளூர் போக அத்திப்பட்டுப் பக்கம் ரயில் ஏறுவார், நான் கும்மிடிப்பூண்டிப் பக்கம்.