வாசனை போன டிசம்பர்

காய்ச்சல் விட்டு எழுந்த அன்று காலை, காபி டம்ளரை மூக்கருகே கொண்டுபோனேன். ஆவி முகத்தில் பட்டது. வாசனை மட்டும் வரவில்லை. பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் என்று சமையலறை டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தேன். எல்லாம் மரத்தூள் போல இருந்தன. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. கனவுக்குள் மழை பெய்வதைப் போல, மண்வாசனை இல்லாத மழை.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் பேக்கரிகளில் இருப்பது போன்ற ஒரு டெக் ஓவன் வைத்து, கிறிஸ்துமஸ் பிளம் கேக் செய்து விற்பதுதான் என் தொழில். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் இதுதான். டிசம்பரில் மூக்கு போனால், தையல்காரருக்குக் கண் போன மாதிரி.

இந்த கேக் எங்கள் வீட்டில் மருமகள்கள் வழியாகவே வந்தது. என் மாமியாரின் மாமியார், பானையில் மணல் நிரப்பி, மூடி மேல் தணல் போட்டுச் சுட்டவர். அவர் என் மாமியாருக்குச் சொல்லிக்கொடுத்தார். மாமியார் எனக்கு. மகள்களுக்குக் கிடையாது. “வேற வீட்டுக்குப் போற பொண்ணுக்கு எதுக்கு?” என்பார் மாமியார். அவருடைய மகள் ஜெஸ்ஸி கல்யாணமாகிப் போனது இரண்டு தெரு தள்ளித்தான். குரோம்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங்கில் இருக்கிறாள்.

சர்க்கரை

பிளம் கேக்கின் நிறமும் ருசியும் கேரமலில் இருக்கின்றன. சர்க்கரையை வெறும் வாணலியில் உருக்கி, கருகும் தறுவாயில் வெந்நீர் ஊற்றி நிறுத்த வேண்டும். கொஞ்சம் முந்தினால் வெறும் இனிப்பு. கொஞ்சம் பிந்தினால் கசப்பு. நிறத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். வாசனைதான் கணக்கு.

முதல் ஈடு கேக்கை என் வீட்டுக்காரர் வாயில் போட்டுவிட்டு, மெல்லாமல் அப்படியே நின்றார்.

“கசக்குதா?” என்றேன்.

“லேசா,” என்றார். லேசாக இல்லை என்று முகம் சொன்னது. எனக்கு நாக்கிலும் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த ஈடும் அப்படியே போனது.

வருடம் தவறாமல் வாங்கும் பக்கத்துத் தெரு ஆட்டோக்காரர் வாசலில் நின்று குரல் கொடுத்தார். “அக்கா, நம்ம கேக்கு எப்போ? வூட்ல புள்ளைங்க கேட்டுகினே கீதுங்க.”

“சொல்றேன்ணா,” என்றேன். இந்த வருடம் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிடுவது என்று அப்போதே முடிவு செய்திருந்தேன். அதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் ஜெஸ்ஸி மிளகு ரசம் எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு அன்று லீவு. அடுப்பில் வாணலியைப் பார்த்ததும் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“உள்ள வாயேன்.”

“சர்க்கரை வெச்சிருக்கீங்க. அம்மா இருந்தா விடுவாங்களா?” என்று சிரித்தாள்.

கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்றுதான் வைத்திருந்தேன். சர்க்கரை உருகி, தேன் நிறமாகி, செம்மண் நிறமானது. நான் கரண்டியோடு நின்றேன். எதுவும் வரவில்லை. வாணலி எங்கேயோ தூரத்தில் இருப்பது போலிருந்தது. வெந்நீர்ப் பாத்திரத்தை எடுத்தேன்.

“இன்னும் இல்ல அண்ணி.”

திரும்பிப் பார்த்தேன். ஜெஸ்ஸி நிலைப்படியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தாள்.

“இன்னும் இல்ல... கொஞ்சம்... இப்போ! ஊத்துங்க!”

ஊற்றினேன். சீறிக்கொண்டு அடங்கியது. ஜெஸ்ஸி கண்ணைத் திறக்கவே இல்லை. கன்னத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணி. ஸ்கூல் படிக்கறப்போ வெளிய மாடிப்படியிலதான் உக்காந்து எழுதுவேன். அம்மா கதவைச் சாத்தியிருப்பாங்க. இந்த வாசனை வந்த உடனே உள்ள ‘ஸ்ஸ்’னு ஒரு சத்தம் வரும். வருஷா வருஷம் அப்படித்தான்.”

ஓவன்

அந்த டிசம்பர் முழுவதும் ஜெஸ்ஸி வேலைக்குப் போகும் முன் வந்து சர்க்கரைக்கு நின்றாள். ஓவன் பக்கம் நான் மட்டும். வாசனை இல்லாததால் சத்தத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஈரமாக இருக்கும்வரை கேக் உள்ளே மெல்ல முணுமுணுக்கும். வெந்து வரும்போது அந்தக் குரல் தேய்ந்துகொண்டே போகும். முழுக்க நிற்பதற்குச் சற்று முன்னால் எடுத்துவிட வேண்டும். மழைச் சத்தத்துக்கு நடுவில், ஓவன் கதவருகே தலை சாய்த்து, அரைத் தூக்கத்தில் இருப்பவளைப் போல அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். இத்தனை வருடம் அது பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

கேட்டவர்கள் எல்லோருக்கும் கேக் போய்ச் சேர்ந்தது. ஆட்டோக்காரர் பிள்ளைகளோடு வந்து வாங்கிப் போனார்.

கடைசி ஈட்டுக்கு மாவு கலக்கும்போது ஜெஸ்ஸி தயங்கித் தயங்கிக் கேட்டாள். “அண்ணி, மாவு எப்படிக் கலக்கறதுன்னு எனக்குத் தெரியாது. சொல்லித் தருவீங்களா?”

கரண்டியை அவள் கையில் கொடுத்தேன்.

எனக்கு வாசனை இன்னும் பாதிதான் திரும்பியிருக்கிறது. சர்க்கரை இப்போது ஜெஸ்ஸியின் பொறுப்பு. இந்தத் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான்: நம்மிடம் ஒன்று குறைந்த பிறகுதான், பக்கத்தில் இருப்பவரிடம் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. நீங்கள் அதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.