பொம்மைக்குப் பிசிறு வெட்டியவர்

என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் செக்கிங் இன்சார்ஜ். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூடப் பக்கத்து இலைக்காரரின் காலரில் தையல் விட்டிருப்பதுதான் அவர் கண்ணில் படும். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு நான் படும் பாட்டைச் சொல்லப் பொழுது போதாது.

எங்கள் மகளுக்கு நாலு வயது. என்னிடம் வாய் ஓயாது. அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டதும் கப்சிப். பள்ளிக்கூடத்திலும் அப்படியே. காது, நாக்கு எல்லாம் சோதித்த டாக்டர், குறை ஒன்றும் இல்லை, விளையாட்டு மூலமாகச் சிகிச்சை தருகிற ஓர் அம்மாவிடம் போங்கள் என்றார். பெற்றவர்களும் கூட உட்கார்ந்து விளையாட வேண்டுமாம்.

"ஏனுங்க, விளையாடறதுக்கும் டாக்டர் சீட்டா?" என்று முணுமுணுத்தார். ஆனாலும் வந்தார். மகள் தன்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்கிறாளே என்று அவருக்குச் சோறு இறங்காமல்தான் இருந்தது.

அந்த அறையில் பாய், மரக்கட்டைகள், துணிப் பொம்மைகள். "பாப்பா என்ன பண்றாளோ அதுக்குக் கூடப் போங்க. சொல்லிக் குடுக்காதீங்க, கேள்வி கேக்காதீங்க" என்றார் அந்த அம்மா. இவர் பலமாகத் தலையாட்டினார். மகள் ஒரு பொம்மையை எடுத்து வந்து, பேசாமல் அவர் கையில் கொடுத்தாள். இவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து நூல் வெட்டுகிற சின்னக் கத்திரியை, அதுதான் டிரிம்மரை, எடுத்தார். நறுக். பொம்மையின் கம்பளி ஜடையில் நீட்டிக்கொண்டிருந்த நாலு இழை கீழே விழுந்தது.

"பிசிறு தொங்குச்சுங்க" என்றார், பாராட்டை எதிர்பார்க்கிற மாதிரி.

மகள் பொம்மையைப் பிடுங்கிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அதே டிரிம்மரால் அவர் மீசையை வெட்டியிருப்பேன். அந்த அம்மாதான் சிரித்துவிட்டு, "அடுத்த வாரம் கத்திரி வேண்டாமுங்க" என்றார்.

அடுத்த வாரம் கத்திரி இல்லை. ஆனால் துணியில் எங்கே குறையோ அங்கே ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ரோல் அவர் பையில் இருந்தது. மகள் அதை எடுத்துக்கொண்டாள். இவர் வாயைத் திறக்கப் போனார். முறைத்தேன், அடங்கினார். பேன்ட் கசங்குமென்று பாயில் உட்காராமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

என்னோடு அப்பாவின் கம்பெனிக்குப் போனபோது பார்த்ததெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பொம்மைகளைப் புரட்டிப் பார்த்து மூன்று கும்பலாகப் பிரித்தாள். நல்லது பாஸ். சரிசெய்தால் தேறும் என்றால் அம்பு ஒட்டி ஆல்டர். தேறவே தேறாதது ரிஜெக்ட், பெட்டிக்குள். அப்புறம் என்னிடம் வந்து என் வாயில் ஒரு அம்பை ஒட்டினாள். இந்த வாய்க்கு அது தேவைதான்.

பிறகு அப்பாவிடம் போனாள். கைகளைத் தூக்கவைத்தாள். சுற்றி வந்து முதுகைப் பார்த்தாள். ஒருமுறை ரிஜெக்ட் பெட்டியையும் திரும்பிப் பார்த்தாள். அவர் தூக்கிய கையை இறக்கவில்லை. அவள் குனிந்து, முழங்காலுக்கு ஒன்றாக இரண்டு அம்பு ஒட்டினாள்.

"இது ஆல்டருங்கப்பா" என்றாள். "மடங்கவே மாட்டேங்குது."

அவர் அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார். கண்ணீர் மீசைக்கு வந்தது, துடைக்கத் தோன்றவில்லை. அவள் கிட்டே வந்து அந்த முழங்காலை அமுக்கிப் பார்த்தாள்.

"கம்பெனிக்குப் போயிராதீங்கப்பா. செக்கிங் இன்னும் முடியலீங்க."