மாமா அடித்த ஒரு பந்து

பாரிஸில் மாமா முதன்முதலாக அடித்தது உருளைக்கிழங்கை. மொத்தம் எட்டு. நான் எண்ணினேன். எதையும் எண்ணாமல் விட்டால் எனக்கு அப்போதும் நித்திரை வராது, இப்போதும் வராது. மனைவிக்கு இதனால் தீராத எரிச்சல்.

எனக்கு அப்போது பதினொரு வயது. லா சப்பலில் ஒரே அறையில் ஆறு பேர் இருந்தோம். புதன்கிழமைகளில் பள்ளிக்கூடம் இல்லை. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விடுவார்கள் என்பதால், ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் அம்மாவின் தமையன் கோப்பை கழுவிய உணவகத்தின் பின்முற்றத்தில் என்னை இருத்தி வைப்பார்கள். மாமா கோப்பை கழுவி, உருளைக்கிழங்கு உரித்து, மறுபடியும் கோப்பை கழுவுவார். பன்னிரண்டு மணி நேரம் நின்றபடிதான் எல்லாம்.

அன்று முளைவிட்ட கிழங்குகளை ஒதுக்கி வைத்திருந்தார். வெளியே வந்து நிலம் துடைக்கும் தடியை எடுத்து, "எறியடா பாப்பம்" என்றார். நான் எறிந்தேன். ஏழும் மதிலுக்கு மேலால் போயின. ஏழாவது போகும்போது செஃப் கதவடியில் நின்றார். ஏசப்போகிறார் என்று நான் பின்வாங்கினேன். அவர் எட்டாவது கிழங்கை எடுத்துத் தானே எறிந்தார், வேகமாக. மாமா அடித்த அடியில் அது பக்கத்து வீட்டுப் புகைபோக்கியில் பட்டுச் சிதறியது.

ஊரில் மாமா பெயர்போன அடிகாரர். மென்பந்துக் கிரிக்கெட்டில் கடைசி ஐந்து ஓவருக்கு அவரை இறக்குவார்கள் என்று அப்பா சொல்லுவார். நாற்பதைத் தாண்டியதும் ஒரு பொடியனை எடுத்துக்கொண்டு அவரைத் தண்ணீர் கொண்டுபோக விட்டார்களாம். அதற்குப் பிறகு அவர் மட்டையைத் தொடவில்லை. பந்தை மதிலுக்கு வெளியே தூக்கிப் போடுவதற்கு இன்னும் ஒரு முறை கிடைத்தால் போதும் என்பதை மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வருடம் அவருக்கு நாற்பத்தாறு.

செஃப் ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்து ஓரத்திலிருந்த வன்சென் காட்டு மைதானத்தில் பேஸ்போல் விளையாடுகிறவர். அவர்களுடைய அடிகாரர் வேறு ஊருக்குப் போய்விட்டாராம். மாமா ஒரு ஆட்டம் ஆடிக் காட்டினால் கோடை முழுவதற்கும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். மொழிபெயர்ப்பு என் வேலை.

"என்ன பந்தாம், கேள்."

"தோல் பந்தாம் மாமா. பிடிக்கிறதுக்கு எல்லாரும் கையுறை போடுவினமாம்."

"கையுறையோ? பயந்தாங்கொள்ளியள்!"

வீட்டில் அம்மாவுக்குக் கோபம். "கலியாணம் கட்டுற வயசு போயிட்டுது, விளையாடுற வயசு மட்டும் இருக்கோ அண்ணை?" என்றாள். மாமா சோற்றைப் பிசைந்தபடி, "நீ சும்மா இரு பிள்ளை. இவங்கள் என்னைக் கேட்டுக் கூப்பிடுறாங்கள்" என்றார். கேட்டுக் கூப்பிடுகிறார்கள் என்பதை அந்தக் கிழமை முழுவதும் கடைக்காரருக்கும் சலூன்காரருக்கும் சொன்னார்.

விதிகளைச் சொல்லிக்கொடுத்தவன் நான். அரிசிப் பை, சூட்கேஸ், சப்பாத்துப் பெட்டி, தண்ணீர் வாளி என்று அறைக்குள் நான்கு மூலை வைத்தேன். அடித்ததும் மட்டையைப் போட்டுவிட்டு முதல் மூலைக்கு ஓட வேண்டும். எதிராளி பந்தோடு முந்திவிட்டால் ஆட்டமிழப்பு. அந்த மைதானத்துக்கு எல்லை வேலி இல்லை, ஆறு ஓட்டம் என்று ஒன்றும் இல்லை, ஓடித்தான் எடுக்க வேண்டும். மாமா கட்டிலில் இருந்தபடி, "நீ ஓடிக் காட்டு, நான் பாக்கிறன்" என்பார். மூன்றாம் நாள் நான் ஒரு விதியைப் பிழையாகச் சொன்னபோது அவர்தான் திருத்தினார்.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். "எனக்குப் பதிலா வேறை ஒருத்தன் ஓடலாமோ எண்டு கேட்டுப் பார்." ஊரில் அது வழக்கம். அடிகாரர் அடிப்பார், பக்கத்தில் நிற்கும் ஒரு பொடியன் அவருக்காக ஓடுவான். கடைசி வருடங்களில் மாமா அப்படித்தான் ஆடினாராம். அடுத்த புதன்கிழமை கேட்டேன். செஃப் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். முதல் மூலை வரைக்கும் அடித்தவரேதான் போக வேண்டும், வெறும் இருபத்தேழு மீற்றர்தானே என்றார். மாமாவிடம் சொன்னேன். "இருபத்தேழோ" என்றுவிட்டுக் கழுவிய கோப்பையையே இன்னொரு முறை கழுவினார். என்ன சோம்பேறி மனிதர் என்று எனக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாமா வெள்ளைக் காற்சட்டையும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும் போட்டு வந்தார். மற்ற எல்லோரும் கோடு போட்ட உடுப்பில் நின்றார்கள். பார்த்தவர்கள் அவரை நடுவர் என்று நினைத்து வணக்கம் சொன்னார்கள்.

முதல் பந்தை விட்டுவிட்டார். இரண்டாவது மட்டையின் விளிம்பில் பட்டுப் பின்னால் போனது. மூன்றாவதை அடித்தார். உடம்பு முழுவதும் ஒரு காலில் சுழன்றது. அந்தச் சத்தத்தை நான் பிறகு எங்கும் கேட்கவில்லை. பந்து வெளிக்களத்தில் நின்றவர்களுக்கு மேலால், மரவரிசைக்கு மேலால் போய்க் காட்டுக்குள் விழுந்தது. ஒரு கணம் அவ்வளவு பேரும் வாயைப் பிளந்து நின்றார்கள். பிறகு ஒருவன் மரங்களுக்குள் ஓடினான்.

மாமா ஓடவில்லை.

மட்டையை நிலத்தில் ஊன்றி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்து, பந்து போன திசையைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை. செஃப் "கூர்! கூர்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். "மாமா, ஓடுங்கோ! ஓடச் சொல்லுறார்!" என்று நானும் கத்தினேன். ஒருவர் நடந்தே முதல் மூலைக்குப் போய் நின்று தண்ணீரும் குடித்திருக்கலாம், அவ்வளவு நேரம் இருந்தது. பந்து காட்டுக்குள்ளிருந்து கைமாறிக் கைமாறி மூன்று எறியில் முதல் மூலைக்கு வந்து சேர்ந்தது. நடுவர் கையை மடக்கிக் காட்டினார். ஆட்டமிழப்பு.

செஃப் தொப்பியை நிலத்தில் அடித்துவிட்டு என்னிடம் வந்தார். நீ இவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லையா என்றார். எனக்கு முகம் எரிந்தது. மாமா என் தோளில் கையைப் போட்டார். "சொல்லு, எங்கடை ஊரிலை ஆறு அடிச்சவன் ஓடுறேல்லை எண்டு." சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், கைதட்டினார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. இப்படியொரு அடியைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்றும், ஆனால் இந்த விளையாட்டு வேறு என்றும், விரும்பினால் பார்க்க வரலாம் என்றும் செஃப் சொன்னார். மாமா தலையை ஆட்டினார். அங்கிருந்து மெத்ரோ நிலையம் வரைக்கும் என் தோளிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பாரம் தாங்காமல் நான் இரண்டு முறை தோள் மாற்றினேன்.

வண்டியில் எனக்கு அழுகையும் கோபமும். இருக்கையில் விரலால் நான்கு மூலையையும் கீறி, இது முதலாவது, இங்கேதான் ஓட வேண்டும் என்று மறுபடி தொடங்கினேன். மாமா காலை நீட்டி வைத்துக்கொண்டு, வாத்தியாருக்கு முன்னால் இருக்கும் பிள்ளை மாதிரி, "ஓம், ஓம், இப்பதான் வடிவா விளங்குது" என்றார்.

லா சப்பலில் இறங்கினோம். எங்கள் நிலையம் தெருவுக்கு மேலே பாலத்தில் இருப்பது. கீழே இறங்கப் படிகள் அதிகம். "நீ முன்னாலை ஓடு, கொம்மாட்டைத் தேத்தண்ணி போடச் சொல்லு" என்றார். நான் ஒரே மூச்சில் இறங்கிப் பார்த்தேன், ஆளைக் காணவில்லை. காத்து நின்றேன். கடைசியில் மேலே தெரிந்தார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, பக்கவாட்டாகத் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நின்று நின்று வந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த சனம் விலகிப் போய்க்கொண்டிருந்தது.

"மாமா, கெதியா வாங்கோ!" என்று கத்தினேன். இத்தனை தரம் சொல்லியும் ஒரு சின்ன விதி இந்த மனிதருக்கு ஏறவில்லையே, அடுத்த முறை இதை எப்படிச் சொன்னால் விளங்கும் என்றுதான் அவர் கீழே வந்து சேரும்வரைக்கும் யோசித்துக்கொண்டு நின்றேன்.