கன்னத்துக்குக் கத்தி, தாடைக்கு ரேசர்

என் வீட்டுக்காரர் முகம் மழிக்க இரண்டு ஆயுதம் வைத்திருப்பார். ஒன்று, பாதி பிளேடை ஒடித்துச் செருகுகிற சலூன் மடக்குக் கத்தி. இன்னொன்று, முழு பிளேடு போடுகிற ரேசர். கன்னம் இரண்டுக்கும் கத்தி. அகலமான இடத்தில் அதுதான் அடியோடு வழிக்குமாம். தாடைக்கும் தொண்டைக்கும் ரேசர். மேடு பள்ளத்தில் அது வெட்டாமல் போகுமாம். மீசை ஓரத்துக்கு மறுபடியும் கத்தி. "ஒரு மூஞ்சிக்கு ரெண்டு கத்தியா? பருத்திக் காட்டுல இப்படி மெனக்கெட்டிருந்தா இந்நேரம் பாளையம்பட்டியில பாதிய வாங்கியிருக்கலாம்" என்று நான் கத்தாத நாளில்லை. காதிலேயே வாங்க மாட்டார். முடித்ததும் புறங்கையால் கன்னத்தைத் தேய்த்துப் பார்ப்பார். கொஞ்சம் சொரசொரப்பு தட்டினாலும் போதும், மறுபடியும் நுரை போட ஆரம்பித்துவிடுவார்.

போன ஐப்பசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. மதுரைக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றிக் கூட்டிவந்தோம். நடை வந்துவிட்டது. வலது கை மட்டும் நடுங்கியது. வலது கன்னம் தொங்கி, வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. பேச்சு குழறியது. அன்றிலிருந்து மனிதர் யார் கண்ணிலும் படாமல் அறைக்குள்ளேயே கிடந்தார். சலூன்காரரை வீட்டுக்கே கூப்பிடுகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். மகள் ஒரு கரண்டு மிஷின் வாங்கிவந்தாள். அது அறுத்த காடு மாதிரி கட்டை கட்டையாக விட்டுவிட்டுப் போனது.

அந்த மகளுக்கு நிச்சயம் வைத்திருந்தோம், பாளையம்பட்டியில் எங்கள் வீட்டிலேயே. அன்று காலை காபி கொண்டுபோய்க் கொடுத்தால் சொல்கிறார்: "தம்பி தட்டு மாத்தட்டும். நா உள்ள இருந்துக்கிறேன்."

எனக்கு வந்ததே கோபம்! "பெத்த அப்பன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில சித்தப்பன் எதுக்குத் தட்டு மாத்தணும்? நாளைக்கு மாப்பிள்ள வீட்டுல என்ன பேசுவாக? அப்பனுக்குப் பிடிக்காத கல்யாணம்னு அவளக் குத்திக் காட்ட மாட்டாகளா?"

"இந்த மூஞ்சியோட சபையில ஒக்கார முடியாது புள்ள" என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். அவர் கண்ணைப் பார்த்ததும் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. எவ்வளவு ரோசக்கார மனுசன்! பாவமாக இருந்தது எனக்கு.

"மூஞ்சிதான? நா பண்ணிவிடுறேன், வாங்க" என்றேன்.

கொல்லை வெளிச்சத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். சுடுதண்ணீரில் நனைத்த துண்டால் ஒத்தி, நுரை பூசி, கத்தியைத் திறந்தேன். என் கை ஆடியது. "நடுங்குறது எங்கைதான? ஒனக்கென்ன வந்துச்சு?" என்றார் குழறலாக.

இடது கன்னம் சிரமம் தரவில்லை. காதோரத் தோலை மேலே இழுத்துப் பிடித்து, கத்தியைச் சாய்த்துப் படுக்கவைத்து, முடி போகிற போக்கிலேயே இறக்கினேன். வலது கன்னம்தான் பாடாய்ப் படுத்தியது. தொங்கிய தோல் கத்திக்கு முன்னால் மடிந்து மடிந்து வந்தது. முன்பெல்லாம் உள்ளேயிருந்து நாக்கை முட்டுக்கொடுத்துத் தோலை விறைப்பாக்குவார். இப்போது நாக்கு அந்தப் பக்கம் போகவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, விரலில் ஈரத் துணியைச் சுற்றி, அவர் வாய்க்குள் விட்டு, கன்னத்தை உள்ளிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த முகத்தைப் பகல் வெளிச்சத்தில் அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. ஒரு கீறல் விழாமல் வழித்தேன். பிறகு ரேசரை எடுத்துத் தாடையையும் தொண்டையையும் முடித்தேன்.

மீசை ஓரம் பாக்கி. உதட்டுக்குப் பக்கத்தில் திறந்த கத்தியைக் கொண்டுபோகப் பயமாக இருந்தது. அந்தப் பக்கம் அவருக்கு உணர்ச்சியே கிடையாது. அறுத்தாலும் சொல்ல மாட்டார். ரேசரே பத்திரம் என்று அதையே வைத்தேன். கத்தி என்றால் எங்கே வெட்டுகிறோம் என்பது கண்ணுக்குத் தெரியும். ரேசரின் தலை அந்த இடத்தையே மறைத்துக்கொள்ளும் என்று நான் எங்கே கண்டேன்? ஒரே இழுப்பு. வலது மீசையில் பாதி நுரையோடு வந்துவிட்டது.

அய்யய்யோ! எங்கள் பக்கத்தில் ஆம்பளை மீசையை எடுப்பது பெற்றவர்கள் செத்தால்தான். மாமனார் காரியத்தில் இவர் எடுத்தார், அதோடு சரி. மாமியாரோ பரளச்சியில் கொழுந்தன் வீட்டில் திடமாக இருக்கிறார். நல்ல காரியத்தன்று மகன் மீசையில்லாமல் நின்றால் எப்படி? சரிக்கட்டுகிறேன் என்று இடது பக்கம் கொஞ்சம் குறைத்தேன். அது கூடிப்போனது. வலது பக்கம் இன்னும் கொஞ்சம் எடுத்தேன். விளங்குமா?

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றார். கண்ணாடியை நீட்டினேன். முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"முழுசா எடுத்துரு."

"அத்தை உசுரோட இருக்காகளே!"

"இந்தக் கோலத்துல பாத்தா இருக்குற உசுரும் போயிரும். எடு."

அழுதுகொண்டே எடுத்தேன். மீசை மறைத்துவைத்திருந்த கோணல் முழுவதும் வெளியே வந்தது. போச்சு, இனி மனிதர் அறையைவிட்டு அசைய மாட்டார், மகள் நிச்சயத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று என்னையே நொந்துகொண்டேன். அவர் புறங்கையால் கன்னத்தைத் தேய்த்துப் பார்த்தார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

மதியம் பரளச்சியிலிருந்து வேன் வந்தது. மாமியார் நேராக மகனைப் பார்க்க அறைக்குள் போனார். "ஏலே! நா இன்னும் சாகலலே!" என்ற சத்தம் தெருவரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். கொழுந்தன் புது வேட்டியோடு தட்டு மாற்றத் தயாராக இருந்தார். அப்போது அறைக் கதவு திறந்தது. இவர் காலை இழுத்து இழுத்து வந்து தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "என்ன சம்பந்தி, வீட்டுல ஏதும் துக்கமா? ஒரு வார்த்த சொல்லலையே. நிச்சயத்தத் தள்ளி வச்சிருக்கலாமே" என்றார். கொழுந்தன் பதில் சொல்ல வாயெடுத்தார். இவர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"யாரும் சாகல சம்பந்தி. எனக்குக் கை வெளங்கல. எம்பொண்டாட்டிதான் சேவிங் பண்ணிவிட்டா. அவளுக்குக் கன்னம் நல்லா வருது. மீசதான் வரல."

ஒவ்வொரு வார்த்தையையும் தேடிப் பிடித்துத்தான் சொன்னார். ஆனாலும் எல்லோருக்கும் புரிந்தது. முதலில் பெண்கள் சிரித்தார்கள், பிறகு சபையே சிரித்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

தட்டு வந்தது. கொழுந்தன் கையை நீட்டினார்.

"விடுலே. எம்மகளுக்கு வந்த தட்டு" என்று இவர் இரண்டு கையையும் சேர்த்து நீட்டி வாங்கினார். கை நடுங்கி, வெற்றிலையும் பழமும் தட்டில் ஆடின. கீழே விழவில்லை. அவ்வளவு பேசியதில் வாயோரம் எச்சில் வழிந்து தாடைக்கு இறங்கியது. தட்டைப் பிடித்த கையால் துடைக்க முடியாது. நான் போய், அத்தனை பேர் பார்க்க, முந்தானையால் துடைத்துவிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. துடைத்து முடிக்கும்வரை எனக்குக் காட்டிக்கொண்டே இருந்தார்.